தமிழ் வழியே சீனம்: ஒரு கல்லூரியில் மாண்டரின் வகுப்பைத் தொடங்கி, கலையாமல் நடத்துவது எப்படி

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் கைபேசி தயாரிக்கிறது. செய்யாறு சிப்காட்டில் ஃபெங் டே குழுமம் காலணி செய்கிறது. பனப்பாக்கத்துக்கு ஹாங் ஃபூ, உளுந்தூர்பேட்டைக்கு பவ் சென் என்று தைவான் காலணி நிறுவனங்கள் வட தமிழகத்தை நோக்கி வரிசை கட்டியிருக்கின்றன. இங்கே வரும் தைவான் மேலாளர்கள் தங்களுக்குள் பேசுவது மாண்டரின். உற்பத்தி வரிசையில் வேலை செய்கிற பெண்கள் பேசுவது தமிழ். நடுவில் ஓர் அரைகுறை ஆங்கிலம் ஓடுகிறது. அந்த இடத்தில் நிற்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு என்பது சுற்றியுள்ள கல்லூரிகளுக்கும் தெரியும். அதனால் சீன மொழி வகுப்புக்கு அறிவிப்புப் பலகை வைத்தால் கூட்டம் சேரத்தான் செய்கிறது. இரண்டாம் பருவத்தில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

வகுப்பு கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சீனத்தை ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுப்பது. ஆங்கிலத்துக்காரர்களுக்கு எழுதிய பாடநூல், ஆங்கில எழுத்தை ஆங்கிலமாகவே வாசிக்கும் பழக்கம், ஆங்கில இலக்கண விளக்கம் எல்லாம் சேர்ந்து, தமிழ் மாணவருக்கு இயல்பாகவே இருக்கும் பாதி மூலதனத்தைப் பறித்துவிடுகின்றன. சீன ஒலியிலும் வாக்கிய அமைப்பிலும் தமிழுக்கு நெருக்கமானவை நிறைய உண்டு. அவற்றைத் தேடி எடுத்து வகுப்பை அமைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. கலை, பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது. பள்ளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை பெயர் சொல்லிக் குறிப்பிடும் வெளிநாட்டு மொழிகளில் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு எல்லாம் இருக்கின்றன, சீனம் இல்லை. கல்லூரியில் கூடுதல் சான்றிதழ் படிப்பாக நடத்துவது எளிது.

தொடங்குமுன் மூன்று முடிவுகள்

முதலாவது, மணிக்கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அலுவலர்கள் சீனத்தில் தொழில்முறைத் திறன் பெற 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. உங்கள் கல்லூரியில் தினம் 50 நிமிடம், வாரம் 5 நாள், தேர்வும் விடுமுறையும் போக ஆண்டுக்கு 30 வாரம் என்றால் 125 மணி நேரம் வரும். இரண்டு ஆண்டில் 250. ஆகவே "ஆறே மாதத்தில் மொழிபெயர்ப்பாளர்" என்று துண்டறிக்கை அடிக்காதீர்கள். முதல் ஆண்டில் 300 சொல், இரண்டாம் ஆண்டில் 600 சொல், அதோடு ஆலைக்குத் தேவையான 150 சொல் என்பது எட்டக்கூடிய இலக்கு. இவ்வளவு தெரிந்தவர் முழு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட மாட்டார். உற்பத்தி வரிசையில் உதவியாளராக நின்று மீதியைக் கேட்டே கற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவார்.

சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்ற ஏற்பாடு வேண்டாம். தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், தசைப் பழக்கம். ஆறு நாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, எந்த எழுத்து. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிமைப்படுத்திய எழுத்து. தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்து. தைவான் நிறுவனத்துக்குத்தானே ஆள் அனுப்புகிறோம், மரபு எழுத்தே போதும் என்று தோன்றும். ஆனால் அந்த ஆலைக்குள் வரும் இயந்திரத்தின் திரையும் உதிரிப் பெட்டியின் ஒட்டுச்சீட்டும் சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து வந்திருந்தால் எளிய எழுத்தில்தான் இருக்கும். எங்கள் பரிந்துரை: எழுதவும் தட்டச்சு செய்யவும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை மூன்றாம் பருவத்திலிருந்து அடையாளம் காண மட்டும் பழக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத வைத்தால் இரண்டும் தங்காது. வேலைக்கு அனுப்பும் ஆலை தைவானுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் மரபில் தொடங்கலாம், தெரியாவிட்டால் எளியதில் தொடங்குங்கள். கிடைக்கும் பாடப்பொருள் அதில்தான் அதிகம்.

எழுத்து மட்டுமல்ல, சொல்லும் கொஞ்சம் மாறும். 'தரம்' என்பதற்குப் பெருநிலத்தில் ட்ஜிலியாங், தைவானில் பின்ட்ஜி. 'மென்பொருள்' பெருநிலத்தில் ழுவான்ஜியென், தைவானில் ழுவான்தி. இப்படிப்பட்ட முப்பது நாற்பது சொற்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

மூன்றாவது, ஒரு பிரிவுக்கு எத்தனை பேர். 20, மிஞ்சினால் 24. அதற்கு மேல் போனால் ஆசிரியர் ஒவ்வொருவர் தொனியையும் தினமும் காதால் கேட்டுத் திருத்த முடியாது. ஒருமுறை தவறாகப் பதிந்த தொனியைப் பிறகு பிடுங்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

ஆசிரியர்

நல்ல ஏற்பாடு இரண்டு பேர். வகுப்பில் தினமும் நிற்க, தமிழ் தெரிந்த, எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் 5-ம் நிலை அல்லது அதற்கு மேல் தேறிய ஒருவர். வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் பேச, மாண்டரினைப் பேசியே வளர்ந்த ஒருவர். இரண்டாமவரைத் தேடும்போது மலேசியாவை மறக்காதீர்கள். அங்கே சீனம் வழியாகப் பாடம் நடத்தும் தேசிய வகைப் பள்ளியில் படித்த தமிழர்கள் இருக்கிறார்கள். மாண்டரினும் தெரியும், தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்கும் என்பதும் தெரியும். மலேசியாவும் தைவானும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே. நம் மாலை 4.30 அவர்களுக்கு இரவு 7.

நேர்காணலில் சான்றிதழைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் கொடுத்து, மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்று பாடம் நடத்தச் சொல்லுங்கள். விதியைப் பலகையில் எழுதிவிட்டு நிற்பவரை விட, எல்லோரையும் வாய் திறக்க வைப்பவரை எடுங்கள். ஒப்பந்தத்தைக் கல்வியாண்டு முடியும்வரை போடுங்கள். சீனம் தெரிந்தவரை ஆலை எந்த மாதமும் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதல் மூன்று வாரம் ஒலி மட்டும்

இந்த 15 வகுப்பில் சீன எழுத்தே வேண்டாம். பின்யின் மட்டும். 1958-ல் சீன அரசு ஏற்ற ரோமன் எழுத்து முறை இது. இதில் உள்ள ஆபத்து, எழுத்தைப் பார்த்தவுடன் மாணவர் ஆங்கிலம் வாசிப்பார். 'சி' எழுத்து இங்கே க-வும் இல்லை ச-வும் இல்லை, மூச்சுடன் வரும் 'ட்ஸ்'. 'க்யூ' எழுத்து மூச்சுடன் வரும் 'ச்ச'. முதல் நாளே இந்த இரண்டையும் 'எக்ஸ்', 'ஸெட்-எச்' ஆகியவற்றையும் சிவப்பு மையில் எழுதி, "இது ஆங்கிலம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அதற்காகப் பின்யினைத் தவிர்த்துத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்க விடவும் கூடாது. தமிழ் எழுத்தில் தொனியும் இல்லை, மூச்சொலியும் இல்லை. இந்தக் கட்டுரையில் தமிழில் எழுதியிருப்பது வாசிக்க வசதிக்காக மட்டுமே.

இனி தமிழ் வாய்க்குக் கைகொடுப்பவை. பின்யினின் 'பி', 'டி', 'ஜி' எழுத்துகள் ஆங்கிலத்தைப்போல் அதிர்வொலி அல்ல. 'பால்' என்கிறபோது வரும் ப, 'தலை'யின் த, 'கல்'லின் க, இவையேதான் அவை. ஆங்கிலம் படித்த மாணவர் 'பேட்' என்று மட்டையைச் சொல்வதுபோல் அதிர்த்துச் சொல்வார். "ஆங்கிலத்தை விடு, பால் என்று சொல்" என்றால் ஒரே நொடியில் சரியாகிவிடும்.

கடினம் அடுத்த வரிசை. ப, த, க-வை மூச்சு வெடிக்கச் சொல்ல வேண்டும். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் காதும் பிரிக்காது. இதற்குப் பழைய உத்தி ஒன்று போதும். விரல் அகலத்துக்கு மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து வாய்க்கு முன் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். மூச்சொலியில் தாள் துள்ள வேண்டும், மற்றதில் அசையக் கூடாது. ஜோடி ஜோடியாகப் பழக்குங்கள். தாள் அசையாமல் 'தூட்ஸ' என்றால் வயிறு, தாள் துள்ள 'தூட்ஸ' என்றால் முயல். 'வோ பாவ் ல' அசையாமல் சொன்னால் வயிறு நிறைந்துவிட்டது, துள்ளச் சொன்னால் ஓடிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் மேலாளரிடம் ஓடிவிட்டேன் என்று சொல்லாமல் இருக்க இந்தப் பயிற்சிக்கு மூன்று நாள் செலவழிக்கலாம்.

இன்னொரு கண்ணி நம் மொழியின் விதியிலேயே இருக்கிறது. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் தானாகவே மெலித்துவிடுவோம்: பந்து, பங்கு. சீனத்தில் 'இன்று' என்பது ஜின்-தியென். இரண்டாம் அசையில் மூச்சு வெடிக்கும் த. தமிழ் மாணவர் அதை 'ஜிந்தியென்' ஆக்கிவிடுவார். இரண்டு அசைக்கும் நடுவில் கையைத் தட்டி நிறுத்திச் சொல்ல வைத்து, ஒரு வாரம் கழித்துத் தட்டுவதை எடுத்துவிடுங்கள். அதேபோல் ங். தமிழில் ங-வுக்குப் பின் க வந்தே பழக்கம் என்பதால் 'பெய்ஜிங்க்' என்று க-வையும் சேர்த்துவிடுவார்கள். 'மாங்காய்' என்று தொடங்கி 'மாங்'கிலேயே நிறுத்தினால் சரியான முடிவு கிடைக்கும்.

பின்யினின் 'ஆர்' தமிழருக்குப் பரிசு. நாக்கு மடியும் அந்த ஒலிக்கு நம் ழ-வே மிக அருகில் நிற்கிறது, கொஞ்சம் உரசல் சேர்த்தால் போதும். 'ஆள்' என்பதற்கான சொல் 'ழென்'. மற்ற நாட்டு மாணவர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லும் மாணவருக்கு மட்டும் முதலில் தமிழ்ப் பயிற்சி தேவைப்படும். இதேபோல் 'ஸெட்-எச்' தொடங்கும் ஒலிக்கு ட சொல்லும் இடத்தில் நாக்கை வைக்க வேண்டும், 'ஜே'-க்கு 'பச்சை'யில் வரும் ச்ச போதும். தமிழில் அறவே இல்லாதது புள்ளி வைத்த 'யூ'. நாக்கை இ-யில் வைத்து, அதை நகர்த்தாமல் உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரைவில் வரும்.

தொனிக்கு வருவோம். நான்கு தொனி, ஐந்தாவதாகத் தொனியற்ற ஒன்று. "தமிழில் தொனியே இல்லை, நமக்கு வராது" என்று மாணவர் சொல்வார். கதை கேட்கும்போது உம் கொட்டும் விதத்தைக் காட்டுங்கள். "ம்?" என்று மேலே ஏற்றினால் என்ன சொன்னாய் என்று பொருள், அது இரண்டாம் தொனி. நம்பாமல் அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று இழுத்தால் மூன்றாம் தொனி. "ம்!" என்று வெட்டி இறக்கினால் சரி, போ என்று பொருள், நான்காம் தொனி. மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும்போது உயரத்தில் நேராக நீட்டும் "ஆ" முதல் தொனி. முதல் நாள் முழுக்க ம்-மிலேயே நான்கையும் ஓட்டிவிட்டு, மறுநாள் 'மா' என்ற அசைக்கு மாற்றுங்கள்.

தனி அசையில் நன்றாகச் சொல்பவர் இரண்டு அசை சேர்ந்ததும் தடுமாறுவார். அதனால் பயிற்சி இணைகளில் நடக்க வேண்டும். நான்கை நான்கோடு சேர்த்தால் 16, தொனியற்ற முடிவு 4, மொத்தம் 20 இணை. ஒவ்வொரு இணைக்கும் ஒரு பழகிய சொல்லை நிரந்தரமாக வைத்துக்கொண்டு தினமும் வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் முழுச் சுற்றும் சொல்ல வேண்டும். மூன்றும் மூன்றும் சேர்ந்தால் முன்னது இரண்டாகிவிடும். 'நி ஹாவ்' அப்படித்தான். 'பு' (இல்லை) நான்காம் தொனி, ஆனால் இன்னொரு நான்காம் தொனிக்கு முன் அது இரண்டாகும். மூன்றாம் தொனி இறங்கி ஏறும் என்று நூலில் வளைவாகப் போட்டிருப்பார்கள். ஓட்டமான பேச்சில் அது பெரும்பாலும் இறங்கி அங்கேயே நிற்கும். ஏற்றவே வைக்காதீர்கள், அப்படிப் பழகியவர் பேச்சு முழுக்க ஊஞ்சல் ஆடும்.

காது கேட்காத இடத்தில் கண் உதவும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும். ஆசிரியர் குரலையும் மாணவர் குரலையும் அடுத்தடுத்துப் பதிந்து கோட்டின் வடிவத்தை மட்டும் ஒப்பிடுங்கள். உயரம் ஆளுக்கு ஆள் மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இலக்கணம்: ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவராதீர்கள்

நான்காம் வாரம் முதல் வாக்கியம். முதல் வாக்கியமாக 'ட்ஷி ல மா' என்பதை எடுங்கள். ட்ஷி என்றால் சாப்பிடு, ல என்றால் ஆச்சு, மா என்றால் நம் கேள்விக்குறி ஆ. மூன்றையும் சேர்த்தால் 'சாப்பிட்டாச்சா'. வரிசைகூட மாறவில்லை. பெரியவர்கள் பார்த்ததும் கேட்கும் நலவிசாரிப்பும் இதுவே, அங்கும் இங்கும். தைவானில் கொஞ்சம் மாற்றி, வயிறு நிறைந்ததா என்பதுபோல் 'ட்ஷி பாவ் மெய்' என்பார்கள்.

ஆங்கில நூல்கள் அந்த 'ல'-வை இறந்தகாலம் என்று விளக்கத் தொடங்கி, விலக்குகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும். தமிழ் மாணவருக்கு அது 'ஆச்சு' என்று சொன்னால் முக்கால்வாசி புரிந்துவிடும். நிலை மாறிவிட்டது, அவ்வளவுதான். இதேபோல் எதிர்மறை இரண்டு: 'பு லாய்' என்றால் வர மாட்டேன், 'மெய் லாய்' என்றால் வரவில்லை. தமிழில் ஏற்கெனவே இருக்கும் பிரிவு.

'நேற்று வந்த ஆள்' என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் தலைகீழாகும். சீனத்தில் 'ட்ஸுவோதியென் லாய் த ழென்', நேற்று – வா – த – ஆள். 'த' என்ற சிற்றசை நம் பெயரெச்ச ஈற்றின் வேலையைச் செய்கிறது. 'மூணு பேர்' என்று நாம் எண்ணுக்கும் ஆளுக்கும் நடுவில் பேர் வைப்பது போலச் சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் ஓர் அளவைச் சொல் வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல் உண்டு. சகோதரர் என்ற பொதுச்சொல்லில் தொடங்கிக் குழப்ப வேண்டியதில்லை. நேரமும் இடமும் வினைக்கு முன்னே வரும்: நான் நாளை சென்னையில் வேலைசெய் என்பதே அவர்கள் வரிசை. வினைக்குத் திணை, பால், எண் விகுதி எதுவும் கிடையாது, அது தனி மகிழ்ச்சி.

தமிழ் காலை வாரும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். செயப்படுபொருள் வினைக்குப் பின்னால்: 'சாப்பிடு சோறு'. 'அவர் ஆசிரியர்' என்று நாம் சும்மா சொல்லிவிடுவோம், சீனத்தில் நடுவே 'ஷி' கட்டாயம். ஆனால் 'அவன் உயரம்' என்பதில் 'ஷி' வரக் கூடாது, அங்கே 'ஹென்' போட்டு 'தா ஹென் காவ்' என்க வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் ஷி போடுவதே பரவலான பிழை. பெயர் என்றால் ஷி, பண்பு என்றால் ஹென் என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

எழுத்து

முதல் ஆண்டுக்கு 300 எழுத்தை வாசிக்க, அதில் 100-ஐ மட்டும் கையால் எழுத. மீதியைத் தட்டச்சில். வேலையில் கையால் எழுதும் தேவை மிகக் குறைவு. விண்டோஸிலும் ஜிபோர்டிலும் பின்யின் விசைப்பலகை உண்டு. தைவான் அலுவலகங்களில் ஜூயின் என்ற வேறு குறியீட்டு முறையில் தட்டுவார்கள், ஆனால் பின்யினில் தட்டி மரபு எழுத்தைப் பெறவும் வழி இருப்பதால் அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம். சொல் தேட பிளெக்கோ செயலி. விரலால் வரைந்தாலே எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எழுத்தை ஓவியமாக மனப்பாடம் செய்ய விட்டால் எண்பதாவது எழுத்தில் நின்றுவிடுவார்கள். பெரும்பாலான எழுத்துகள் இரண்டு துண்டு: ஒன்று பொருளைக் குறிக்கும், மற்றது ஒலியைக் குறிக்கும். 'மா' என்று ஒலிக்கும் குதிரை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய வடிவில் அதற்கு மூன்றே கோடு. அதன் இடப்பக்கம் பெண் துண்டைச் சேர்த்தால் அம்மா, வாய் துண்டைச் சேர்த்தால் மேலே பார்த்த கேள்வி 'மா'. குதிரைக்கும் அம்மாவுக்கும் உறவில்லை, ஒலிக்காக மட்டும் குதிரை வந்து நிற்கிறது. அகராதியின் 214 துண்டுகளையும் படிக்க வேண்டாம். நீர், மரம், உலோகம், கை, வாய், பெண், ஆள், பேச்சு என்று அடிக்கடி வரும் 40 போதும். ஆலைக்குப் போகிறவருக்கு உலோகத் துண்டு முக்கியம். இரும்பு, எஃகு, செம்பு, ஊசி எல்லாவற்றிலும் இடப்பக்கம் அது நிற்கும்.

கோட்டு வரிசை தேவையா என்று கேட்பார்கள். தேவை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பெட்டியைக் கட்டிவிட்டு உள்ளே நிரப்பி, கடைசியாக அடிக்கோட்டால் மூடு. வரிசை தவறினால் செயலியின் கையெழுத்துத் தேடல் தடுமாறும், பிறர் கையெழுத்தும் வாசிக்க வராது. கட்டம் போட்ட நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் எட்டு முறை. ஒரே எழுத்தை நூறு முறை எழுதச் சொல்வது தண்டனையே தவிர பயிற்சி இல்லை.

எண்: இங்கேதான் பணம் போகும்

ஆலையில் நேரும் மொழிப் பிழைகளில் விலை உயர்ந்தவை எண்ணில் நேரும். நமக்கு ஆயிரத்துக்குப் பின் லட்சம். அவர்களுக்குப் பத்தாயிரம்தான் அடுத்த அலகு, பெயர் 'வான்'. ஒரு லட்சம் என்பது 10 வான், ஒரு கோடி 1,000 வான், பத்துக் கோடி ஒரு 'யி'. மனக்கணக்கில் மாற்ற விடாதீர்கள். காற்புள்ளிகளை அழித்துவிட்டுக் கடைசி நான்கு இலக்கத்துக்கு முன் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 4,75,300 என்றால் 47|5300. கோட்டின் இடப்பக்கம் 47 வான், வலப்பக்கம் ஐயாயிரத்து முந்நூறு. 1,20,000 என்றால் 12|0000, வெறும் 12 வான். தினமும் பத்து எண், ஒரு மாதம்.

அடுத்த பொறி 'ஸான் ச்சியென் வூ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மூன்று ஆயிரம் ஐந்து. ஆனால் அது 3,500. கடைசி அலகை விழுங்கிச் சொல்வது அவர்கள் வழக்கம். 3,005 என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'லிங்', அதாவது சுழியம், கட்டாயம் வரும். லிங் கேட்கவில்லை என்றால் நூறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நான்கும் பத்தும். நான்கு 'ஸ்', நான்காம் தொனி. பத்து 'ஷ்', இரண்டாம் தொனி. தைவான்காரர் பலர் நாக்கு மடிக்கும் ஒலியை மடிக்காமலே சொல்வதால் இரண்டும் ஒரே மெய்யொலியாக வந்து விழும். அப்போது 14-ஐயும் 40-ஐயும் பிரிப்பது தொனி மட்டுமே: ஏறி இறங்கினால் 14, இறங்கி ஏறினால் 40. தொனி எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும். ஐயம் வந்தால் கேட்க வெட்கப்படாமல் இரு ஆள்காட்டி விரலையும் குறுக்காக வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அது பத்துக்கான கைச்சைகை.

காலணி ஆலை என்றால் அளவைச் சொல்லும் கணக்கில் சேரும். 'ஷுவாங்' ஒரு ஜோடி, 'ட்ஜி' ஒற்றை. 12 வான் ட்ஜி என்பதை ஜோடியாக எழுதிக்கொண்டால் தோல் இரு மடங்கு வெட்டப்படும். கூடவே 'லியாங் பின்' (நல்ல சரக்கு), 'பு லியாங் பின்' (பழுது), 'யாங் பின்' (மாதிரி), 'ஜியாவ் ஹுவோ' (சரக்கு ஒப்படைப்பு), 'மூ ஜூ' (அச்சு) போன்றவற்றை நான்காம் பருவத்தில் உண்மையான ஒட்டுச்சீட்டுகளை வைத்தே கற்பிக்கலாம். உள்ளூர் ஆலை ஒன்றிடம் கேட்டால் பழைய காலிப் பெட்டிகளைத் தர மறுக்க மாட்டார்கள்.

பேச்சுப் பழக்கத்துக்கு வீசாட் குழு தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. தைவான்காரர்கள் அன்றாடம் பயன்படுத்துவது லைன் என்ற செயலி. வகுப்புக் குழுவை அதில் வைத்தால் குரல்செய்தி அனுப்பும் பழக்கமும் சேர்ந்து வரும்.

தேர்வு

சீனப் பெருநிலத்தின் எச்எஸ்கே, தைவானின் டிஓசிஎஃப்எல் என்று இரண்டு. முன்னது எளிய எழுத்துக்கு வசதி, பின்னது மரபுக்கு. எச்எஸ்கேயின் பழைய ஆறு நிலைகளில் முதல் நிலைக்கு 150 சொல், பிறகு 300, 600, 1,200, 2,500, 5,000. 2021-ல் வந்த புதிய தர அளவுகோலில் நிலைகள் ஒன்பது. முதல் நிலைக்கே 500 சொல் கேட்கிறது. தேர்வும் அதை ஒட்டி மாறிவருவதால், பாடநூலை மொத்தமாக வாங்குமுன் மாணவர் தேர்வெழுதப்போகும் ஆண்டுக்கு எந்தப் பாடத்திட்டம் என்று பார்த்துவிடுங்கள். சீனப் பல்கலைக்கழகத்தில் சேர நினைப்பவருக்கு இன்னொன்று: மதிப்பெண் இரண்டாண்டுக்குத்தான் செல்லும். முதல் ஆண்டிலேயே எழுதிவைப்பதில் பயனில்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது. பழைய முறையில் முதல் இரண்டு நிலை வினாத்தாளில் சீன எழுத்துக்கு மேல் பின்யினும் அச்சிட்டிருக்கும். மாணவர் எழுத்தையே பார்க்காமல் பின்யினை வாசித்துத் தேறிவிடுவார், கல்லூரியும் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி மகிழும். மூன்றாம் நிலையில் பின்யின் கிடையாது, எழுதும் பகுதியும் உண்டு. வகுப்பே அங்கே சரிந்துவிடும். இரண்டாம் நிலைக்குத் தயாராகும்போதே மாதிரித் தாள்களில் பின்யின் வரியை மறைத்துப் படியெடுத்துக் கொடுத்துப் பழக்குங்கள்.

உள்தேர்வை இந்தத் தேர்வுகளின் நகலாக வைக்காதீர்கள். ஆண்டு முடிவில் மூன்று சுற்று போதும். ஒன்று, 20 தொனி இணைகளைக் கேட்டு எண்ணால் குறிப்பது. இரண்டு, பழக்கமில்லாத ஒரு குரலோடு லைனில் ஐந்து நிமிடப் பேச்சு. மூன்று, தைவான் குரலில் இயல்பு வேகத்தில் பதிந்த 20 அளவுகளைக் கேட்டு, 14-ம் 40-ம், லிங் உள்ளதும் இல்லாததும், ஜோடியும் ஒற்றையும் கலந்து, நம் லட்சக் கணக்கில் எழுதுவது. 18-க்குக் குறைந்தால் மறுநாளே அதே பதிவை மீண்டும் போடுங்கள். எந்தெந்த எண்ணில் தவறினார் என்பதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு முதல் வாரப் பயிற்சித் தாள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.